பழைய அட்டையிலிருந்து புதிய பேக்கிங் தாள்: தெரியும் குறியிலிருந்து கோளாறின் வேர் வரை

பழைய அட்டைப்பெட்டிகளைக் கரைத்து மறுபடியும் தாளாக்கும் ஆலையில் கோளாறு ஓரிடத்தில் பிறக்கிறது, வேறோரிடத்தில் தெரிகிறது. முற்றத்தில் நனைந்து கிடந்த பேல் (பழைய அட்டையை அழுத்திக் கட்டிய பொதி), சில நாள் கழித்து ரீலில் (முடிந்த தாளின் சுருளில்) வலிமைக் குறைவாக வெளிப்படும். அட்டையை நீரில் அடித்துக் கரைக்கும் பல்ப்பரில் பத்து நிமிடம் கூடுதலாக அடிபட்ட பசை டேப், தாளைக் காயவைக்கும் டிரையர் உருளைகளின் ஃெபல்ட் துணியில் பிசினாக வந்து உட்காரும். அதனால் இந்த வழிமுறையை இயந்திரப் பகுதி வாரியாக எழுதாமல், கண்ணில் படும் குறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் ஷிஃப்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கே நேராகப் போகலாம். அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில்

ஒரு வாளி, ஒரு நுண் சல்லடை, பி.எச். தாள், வெப்பமானி, டார்ச், சிறு காந்தம், துளிக்குப்பியில் அயோடின் கரைசல். இவ்வளவும் கையில் இருந்தால் பாதிக் கோளாறுகளை ஆய்வகத்துக்குப் போகாமலேயே பிரித்தறியலாம். ரசாயன டிரம்மின் மூடியைத் திறப்பதற்கு முன் வாளியைத் தூக்கிக்கொண்டு போவது என் பழக்கம். அதில் எனக்கு வருத்தம் நேர்ந்ததே இல்லை.

இன்னொன்று, காத்திருத்தல். 100 கன மீட்டர் கூழ்த்தொட்டியில் 4 சதவீதக் கூழ் இருந்தால் உள்ளே 4 டன் நார் இருக்கிறது. மணிக்கு 5 டன் ஓடும் இயந்திரத்துக்கு அது முக்கால் மணி நேரத்துக்குப் போதும். அதாவது, அந்தத் தொட்டிக்கு முன்னால் இப்போது நீங்கள் செய்யும் மாற்றம் ரீலில் தெரிய ஒரு மணி நேரமாவது ஆகும். கூழ் தாளாகப் படியும் வலையான வயரின் அடியில் வடிந்து மறுபடியும் பல்ப்பருக்கே திரும்பும் பேக் வாட்டர் இன்னும் மெதுவாக மாறும். அதில் கரைந்திருக்கும் உப்பும் ஸ்டார்ச்சும் புதிய நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அரை மணிக்கு ஒரு மாற்றம் செய்பவர் எதையும் சரிசெய்வதில்லை, தடயங்களை அழிக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

குறி: பி.எஃப். (வெடிப்பு வலிமை எண்), ஆர்.சி.டி. (தாளை வளையமாக நிறுத்தி நசுக்கும் சோதனை) இறங்குகிறது

முதலில் எண் உண்மையா என்று பாருங்கள். வெடிப்பு அழுத்தத்தை ஆயிரத்தால் பெருக்கி ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடையால்) வகுத்தால் பி.எஃப். 180 ஜி.எஸ்.எம். தாள் சதுர சென்டிமீட்டருக்கு 3.6 கிலோ தாங்கினால் பி.எஃப். 20. இதில் ஜி.எஸ்.எம். ஒரு பக்க ஓரத்தில் மட்டும் ஏறியிருந்தால், வலிமை குறையாமலே கணக்கு குறைந்துவிடும். ரீலிலிருந்து சூடாக வெட்டிய துண்டையும், ஆய்வகத்தில் 23 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் ஆறிய துண்டையும் ஒப்பிடவே கூடாது. ஆர்.சி.டி. ஈரத்துக்கு மிகவும் அஞ்சும் சோதனை. தாளின் ஈரம் 7-இலிருந்து 9-க்கு ஏறியிருந்தால் நார் மீது பழி போடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

எண் உண்மைதான் என்றால், கூழின் எஸ்.ஆர். அளவை (கூழிலிருந்து நீர் எவ்வளவு மெதுவாக வடிகிறது என்ற அளவை) எடுங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

எஸ்.ஆர். குறைவு, வலிமையும் குறைவு என்றால் ரிஃபைனர் (பல் வைத்த தட்டுகளுக்கு நடுவே நாரை அடிக்கும் இயந்திரம்) வேலை செய்யவில்லை. மோட்டார் எடுக்கும் ஆம்பியரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கூழ் ஓடும்போது எடுக்கும் மின்சாரத்திலிருந்து, தட்டுகளை விலக்கி வெறுமனே சுழலும்போது எடுக்கும் மின்சாரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நாரின் மேல் செலவாகும் உழைப்பு. தட்டின் பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தால், மின்சாரம் செலவாகும், நார் மலராது.

எஸ்.ஆர். அதிகம், வலிமை குறைவு என்றால் ரிஃபைனரைத் தொடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலான ஆலைகளில் வலிமை குறைந்தால் முதலில் நீளும் கை ரிஃபைனர் கைப்பிடியை நோக்கித்தான் நீள்கிறது. நார் ஒவ்வொரு முறை காயும்போதும் அதன் சுவரிலுள்ள நுண்துளைகள் மூடிக்கொள்கின்றன. மறுபடியும் நீரில் போட்டாலும் அவை முழுவதும் திறப்பதில்லை. இந்த நிலைக்கு ஜெர்மானியர் வைத்த பெயரின் பொருள் ‘கொம்பாக இறுகுதல்’. பொருத்தமான பெயர். கொம்பை அடித்தால் வளையாது, உடையும். பல முறை சுற்றிவந்த நாரை வலுவாக அடித்தால் அது பொடியாகிறது. பொடி நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் எஸ்.ஆர். ஏறுகிறது. ஆனால் பொடிக்கு இழுவிசையைத் தாங்கும் நீளம் இல்லை. இந்த நாருக்கு ஒடுக்கமான பற்கள் நெருக்கமாக அமைந்த தட்டும் மென்மையான அடியும்தான் பொருந்தும். நீள நாரைப் பிரித்தெடுக்கும் வசதி இருந்தால், அதை மட்டும் ரிஃபைனருக்கு அனுப்புங்கள். குட்டை நார் அப்படியே தாண்டிப் போகட்டும்.

பொடி ஏன் திடீரென்று கூடியது? அதற்கு விடை முற்றத்தில் இருக்கிறது. ஒரு பேலைப் பிரித்து நூறு கிலோ எடுத்துத் தரையில் பரப்புங்கள். நெளி அட்டை ஒரு குவியல், டூப்ளெக்ஸ் பெட்டி ஒரு குவியல், பிளாஸ்டிக் பூசியது, மெழுகு பூசியது, டேப், மற்ற குப்பை என்று பிரித்து எடை போடுங்கள். இதற்கு இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். டூப்ளெக்ஸ் கூடியிருந்தால் அதன் வெள்ளைப் பூச்சிலிருந்து வரும் சுண்ணாம்பும் களிமண்ணும் தாளின் சாம்பல் அளவில் தெரியும். சாம்பல் ஏறிய அளவுக்கு நாரும் நாரும் ஒட்டும் இடங்கள் குறைந்துவிட்டன என்று பொருள். பேலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் அது நனைந்து நொதிக்க ஆரம்பித்துவிட்டது. அதிலுள்ள ஸ்டார்ச் உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்தது ஸ்டார்ச். சைஸ் பிரஸ் (தாளின்மேல் ஸ்டார்ச் கரைசலை ஏற்றும் உருளைகள்) உள்ள ஆலையில் தாளின் வலிமையில் கணிசமான பங்கு அங்கேதான் ஏறுகிறது. ஒரு துண்டுத் தாளைச் சாய்வாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் அடுக்குகள் பிரிந்து பஞ்சுபோல நிற்கும். அதன்மேல் ஒரு துளி அயோடினை விட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரண்டு மேற்பரப்பிலும் மெல்லிய நீலக்கோடு ஓடி, நடு பழுப்பாகவே நின்றால் ஸ்டார்ச் உள்ளே இறங்கவில்லை. வெடிப்பு வலிமை ஓரளவு தேறும், அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்கும் வலிமை தேறாது. நீலம் நடுவரை மங்கலாகப் பரவியிருந்தால் ஊடுருவல் நன்று. எங்குமே வெளிர் நிறம் என்றால் தாள் எடுத்துக்கொண்ட அளவே குறைவு. ஸ்டார்ச்சின் திடப்பொருள் சதவீதம், வெப்பம், பாகுநிலை மூன்றையும் பாருங்கள். ஊடுருவல் இல்லாததற்கு வழக்கமான காரணங்கள் சமைத்த ஸ்டார்ச் ஆறி கெட்டியாகிவிட்டது, அல்லது சைஸ் பிரஸ்ஸுக்குள் நுழையும் தாள் மிகையாகக் காய்ந்து ஸ்டார்ச்சை உறிஞ்ச மறுக்கிறது.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு வாரம் பி.எஃப். 22-இலிருந்து 18-க்கு இறங்கியது. ரிஃபைனரை ஏற்றினோம். வயரில் நீர் நின்றது, வேகம் குறைந்தது, பி.எஃப். அசையவில்லை. ஸ்டார்ச்சை ஏற்றினோம். செலவு கூடியது, அரைப் புள்ளி கிடைத்தது. ஐந்தாம் நாள் ஒருவர் புரோக் தொட்டியின் மூடியைத் தூக்கினார். ஆலையிலேயே வீணான தாளைக் கரைத்து வைக்கும் தொட்டி அது. கலக்கி நின்றுபோய் நான்கு நாள் ஆகியிருந்தது. உள்ளே கூழ் சாம்பல் நிறமாகிப் புளித்திருந்தது. அந்தக் கூழும் அதன் நீரும் அளவளவாகக் கலந்துகொண்டே இருந்ததால், புதிய கூழிலிருந்த ஸ்டார்ச்சையும் பாக்டீரியா தின்றுகொண்டிருந்தது. தொட்டியைக் காலி செய்து கழுவிய மூன்றாம் நாள் பி.எஃப். பழைய இடத்துக்கு வந்தது. ரிஃபைனரை நாங்கள் ஏற்றியதெல்லாம் நல்ல நாரைப் பொடியாக்கியதுதான்.

கடைசியாக ஒரு விநோதக் குறி: வலிமை குறைகிறது, ஆனால் காப் அளவு (தாள் குடிக்கும் நீர்; குறைந்தால் நல்லது) வழக்கத்தைவிட நன்றாக இருக்கிறது, தாள் வழுக்குகிறது. இப்படி இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். மெழுகுப் பெட்டிகள் பேலில் வந்துவிட்டன. மெழுகு நீரைத் தடுக்கும். நாரும் நாரும் ஒட்டுவதையும் அதுவே தடுக்கும்.

குறி: வயரில் நீர் வடிய மறுக்கிறது

வயரின்மேல் நீர்ப்பளபளப்பு முடிந்து தாள் மங்கலாகும் கோடு ஒன்று உண்டு. அது வழக்கமான இடத்தைவிட்டு பிரஸ் (ஈரத் தாளைப் பிழியும் உருளைகள்) பக்கம் நகர்ந்தால் வடிகால் குறைந்துவிட்டது. முதலில் வெப்பமானியை ஹெட்பாக்ஸ் (கூழை வயரின்மேல் பாய்ச்சும் பெட்டி) கூழில் வையுங்கள். 50 டிகிரியிலிருந்து 40-க்கு இறங்கினால் நீரின் பாகுநிலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. குளிர்ந்த புதுநீரை யாராவது ஷவரில் திறந்துவிட்டுப் போயிருப்பார்கள்.

வெப்பம் சரி என்றால், கண்ணாடி உருளையில் ஹெட்பாக்ஸ் கூழைப் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நார் கீழே படிந்தால் நல்லது. நாரில் ஒரு பகுதி மேலே மிதந்து மூடிபோல நின்றால் கூழில் காற்று சிக்கியிருக்கிறது. பம்பின் உறிஞ்சு பக்கத்தில் கசிவா, தொட்டிக்குள் உயரத்திலிருந்து நீர் கொட்டுகிறதா, நுரையா என்று தேடுங்கள்.

காற்றும் இல்லை என்றால் ஹெட்பாக்ஸின் அடர்வையும் வயர் அடித்தட்டு நீரின் அடர்வையும் எடுங்கள். 0.90, 0.27 சதவீதம் என்று வந்தால் வித்தியாசமான 0.63-ஐ 0.90-ஆல் வகுத்து 70 சதவீதம் பொருள் வயரில் தங்கியது என்று கொள்ளலாம். இது இறங்கிக்கொண்டே வந்தால் பொடி நீரில் சுற்றிச் சுற்றிச் சேர்கிறது. சேர்ந்த பொடி வடிகாலை மேலும் அடைக்கிறது. தக்கவைக்கும் பாலிமரைக் கூட்டுவதற்கு முன், அது எத்தனை மணி நேரத்துக்கு முன் கரைத்தது, முழுதாகக் கரைந்ததா, மீன்கண் போலக் கட்டிகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள். பாலிமர் நல்ல நிலையில் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் நீரில் எதிர்மின் குப்பை மிகுந்துவிட்டது. பாலிமர் நாரைச் சேரும் முன் குப்பையோடு ஒட்டி வீணாகிறது. அப்போது குப்பையை நடுநிலையாக்கும் பொருளைப் பாலிமருக்கு வெகு முன்னால், அடர்ந்த கூழிலேயே சேர்க்க வேண்டும்.

குறி: வயரிலும் ஃபெல்ட்டிலும் டிரையரிலும் ஒட்டுகிறது

ஒட்டுவதெல்லாம் ஒன்றல்ல. ஒரு கட்டியைக் கத்தியால் சுரண்டி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். ஊசியால் இழுத்தால் நூலாக நீண்டு, விட்டால் சுருங்கினால் அது டேப், லேபிள், பெட்டி ஒட்டும் சூட்டுப்பசை ஆகியவற்றிலிருந்து வந்த ஒட்டுப்பிசின். வழவழவென்று நழுவி, காய்ந்தபின் எரித்தால் முடி கருகும் வாடை வந்தால் அது பாக்டீரியாச் சளி. கையில் கொரகொரப்பாக நொறுங்கி, ஒரு துளி அமிலம் விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு. மூன்றுக்கும் மருந்து வேறு. சளிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி பிசினைத் தொடாது.

பிசின் என்று உறுதியானால் பல்ப்பரிலிருந்து தொடங்குங்கள். டேப்பும் பிளாஸ்டிக்கும் பெரிய துண்டாக இருக்கும்வரை அவற்றைப் பிடிப்பது எளிது. நார் பிரிந்த பிறகும் பல்ப்பரை ஓடவிட்டால் அவை நறுங்கி, எந்தத் துளையிலும் நுழையும் அளவுக்குச் சிறுத்துவிடும். வாளியில் கூழை அள்ளி நீர் விட்டுக் கலக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு அட்டைத் துணுக்கு கரையாமல் மிதந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்துள்ள கரடு ஸ்கிரீன் (கூழைச் சலிக்கும் கருவி) பகுதி அதைக் கவனித்துக்கொள்ளும். முழுவதும் பல்ப்பரிலேயே கரைய வேண்டும் என்ற பிடிவாதம்தான் பிசினை உற்பத்தி செய்கிறது. பல்ப்பரில் தொங்கும் கம்பிக்கயிறு ஒழுங்காகத் திரிந்து மேலேறி வருகிறதா என்றும் பாருங்கள். கயிறு அறுந்த நாளில் டேப்பும் கட்டுக்கம்பியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அடுத்து நுண் ஸ்கிரீன். பேக்கிங் தாள் ஆலைகளில் அதன் பிளவு பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பிசின் மென்மையானது. அழுத்தினால் தன்னைவிடக் குறுகிய பிளவிலும் பிதுங்கி வெளியேறும். எனவே பிளவின் அகலம் மட்டும் போதாது, அதன் வழியே கூழ் போகும் வேகமும் கூடாது. உற்பத்தியைக் கூட்டியபோது பிசினும் கூடியது என்றால் காரணம் இதுதான். கூடைக் கம்பிகள் தேய்ந்து பிளவு விரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் அளவுத்தகட்டால் அளந்து எழுதிவையுங்கள். தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. அதனால் யாருக்கும் தெரிவதும் இல்லை.

ஸ்கிரீனில் சிக்காத மிகச்சிறு பிசின் நீரில் மிதந்தபடி எதுவும் செய்யாமல் இருக்கும். பி.எச்., வெப்பம், உப்பு இவற்றில் ஒன்று திடீரென்று மாறினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து கட்டியாகும். ஆலத்தை (அலுமினியம் சல்பேட்டை) ஒரேயடியாகக் கொட்டிய ஷிஃப்டுக்கு அடுத்த ஷிஃப்டில் வயர் அடைப்பது இப்படித்தான். எந்த மாற்றமானாலும் மெல்ல மெல்லச் செய்யுங்கள். டால்க் தூள் பிசினின் மேல் படிந்து அதன் ஒட்டும் தன்மையைக் குறைக்கும். ஆனால் டால்க் பிசினை நீக்குவதில்லை, தாளோடு வெளியே அனுப்ப உதவுகிறது, அவ்வளவுதான். தக்கவைப்பு சரியில்லாத இயந்திரத்தில் டால்க்கும் பேக் வாட்டரில் சேர்ந்து புதுத் தொல்லை தரும்.

வயரை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைப்பது பல இடங்களில் வழக்கம். ஓடும் இயந்திரத்தில் அதைச் செய்யாதீர்கள். கரைந்த பிசின் வயருக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கி, நீரோடு சுற்றி, மறுபடியும் வயருக்கே வரும். சூடான டிரையருக்கு அருகில் தீ அபாயம் வேறு. நிறுத்தத்தின்போது உரிய கழுவுபொருளால் கழுவி, கழுவிய நீரை அமைப்புக்குள் விடாமல் வெளியேற்றுங்கள்.

குறி: நாற்றம், நுரை, இறங்கும் பி.எச்.

இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அவை ஒரே நோயின் மூன்று முகங்கள். இதை நான் மற்ற எல்லாக் கோளாறுகளையும்விடப் பெரிதாகக் கருதுகிறேன், ஏனென்றால் இது வலிமையையும் தின்கிறது, ஆளையும் கொல்லும்.

பழைய அட்டையில் சைஸ் பிரஸ்ஸில் ஏற்றிய ஸ்டார்ச்சும் நெளியை ஒட்டிய ஸ்டார்ச் பசையும் இருக்கின்றன. ஒரு டன்னில் பல பத்து கிலோ. பல்ப்பரில் அது நீரில் கரைகிறது. வெதுவெதுப்பான நீர், நிறைய ஸ்டார்ச், குறைந்த காற்று: பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்? அவை சுரக்கும் நொதி ஸ்டார்ச்சை வெட்டிச் சர்க்கரையாக்குகிறது. சர்க்கரை அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாகிறது. பியூட்டிரிக் அமிலத்தின் வாடைதான் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றமாக, ஈரமான நாளில் வாடிக்கையாளரின் கிடங்கில் தாளிலிருந்து எழுகிறது. அமிலம் தாளிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குமிழியாகக் கிளம்பி நுரைக்கிறது. கரைந்த கால்சியம் நீரின் கடினத்தன்மையையும் மின்கடத்துதிறனையும் ஏற்றுகிறது. பிறகு எங்கேயாவது பி.எச். ஏறும் இடத்தில் அது குழாய்க்குள் சுண்ணாம்பாகப் படிகிறது. அமிலம் பிறந்த இடம் ஒன்று, குழாய் அடைத்த இடம் வேறொன்று.

எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அயோடின் போதும். பல்ப்பர், ஸ்கிரீனுக்குப் பின், ஒவ்வொரு கூழ்த்தொட்டி, புரோக் தொட்டி, பேக் வாட்டர்த் தொட்டி என்று வரிசையாகச் சிறு கண்ணாடிக் குவளைகளில் நீரை வடித்தெடுங்கள். ஆறவிடுங்கள். சூடான நீரில் அயோடின் நிறம் தோன்றாது, அதை நம்பி ஸ்டார்ச் இல்லை என்று முடிவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சம அளவு துளி விடுங்கள். பல்ப்பர் நீர் மைபோல நீலமாகும். அடுத்தடுத்த குவளைகளில் நீலம் ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சினால், நிறம் மாறிய இரண்டு குவளைகளுக்கு நடுவில் இருக்கும் தொட்டியில்தான் பாக்டீரியா குடியிருக்கிறது. துளி விட்டவுடன் மஞ்சளே காணாமல் போனால் நீரில் சல்பைடு இருக்கிறது. நிறம் நிலைக்கும்வரை துளியைக் கூட்டிப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மருந்து அந்தத் தொட்டிக்குத்தான். கலக்கி ஓடுகிறதா, மூலையில் கூழ் தேங்கியிருக்கிறதா, தேவைக்கு மேல் நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தேங்கும் நேரத்தைக் குறையுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியை இயந்திரத்துக்கு அருகில் சொட்டவிடுவதைவிட, ஸ்டார்ச் முதலில் கரையும் பல்ப்பர் நீரிலும் புரோக் தொட்டியிலும் கொடுப்பதே பயன் தரும். அங்கே காப்பாற்றிய ஸ்டார்ச்சைக் காசு கொடுத்து மறுபடியும் வாங்க வேண்டாம். நுரைக்கு நுரைநாசினி மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் நுரை மறையும், நோய் வளரும்.

இப்போது உயிர் பற்றிய செய்தி. அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகிறது. வாடை நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை. கூழ்த்தொட்டிகளில் நின்ற கூழுக்குள் இந்த வாயு அடைபட்டிருக்கும். நின்றிருந்த கலக்கியை மறுபடியும் ஓட்டும் அந்த நிமிடத்தில் மொத்தமாகக் கிளம்பும். வாயு அளக்கும் கருவி, காற்றோட்டம், வெளியே நிற்கும் துணை ஆள், மீட்புக்கான கயிறும் சுவாசக் கருவியும் இல்லாமல் எந்தத் தொட்டிக்குள்ளும் யாரும் தலையை நீட்டக்கூடாது. விழுந்தவரைத் தூக்கக் குதித்தவர்களே இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறக்கிறார்கள். உங்கள் ஆட்களிடம் இதை ஒவ்வொரு மாதமும் சொல்லுங்கள்.

குறி: தாளில் ஓட்டை

தாளை விளக்குக்கு எதிரே பிடித்து ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு பழுப்பேறிக் கண்ணாடிபோல ஒளி ஊடுருவினால் சளிக்கட்டி விழுந்த இடம். விளிம்பில் ஒட்டும் புள்ளி இருந்தால், அல்லது அடுத்த சுற்றுத் தாளோடு ஒட்டிக் கிழிந்திருந்தால் பிசின். சுத்தமான, வட்டமான ஊசித்துளைகள் கூட்டமாக இருந்தால் காற்று. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடைவெளியை அளந்து வயரின் நீளத்தோடும் ஃபெல்ட்டின் நீளத்தோடும் உருளைகளின் சுற்றளவோடும் ஒப்பிடுங்கள். பொருந்துவதுதான் குற்றவாளி.

குறி: காப் ஏறுகிறது

100 சதுர சென்டிமீட்டர் வளையத்துக்குள் 60 விநாடியில் தாள் 0.35 கிராம் நீரைக் குடித்தால் காப் 35. ஏ.கே.டி. (தாள் நீரைக் குடிக்காமல் தடுக்கும் ரசாயனம்) பயன்படுத்தும் ஆலையில் காப் ஏறினால், அதே தாளின் ஒரு துண்டை 105 டிகிரி அடுப்பில் பத்து நிமிடம் வைத்து மறுபடியும் சோதியுங்கள். அடுப்பில் வைத்தது நன்றாக இறங்கினால் ஏ.கே.டி. தாளில் இருக்கிறது, முற்றவில்லை. பி.எச். குறைவா, தாள் போதிய சூட்டில் காயவில்லையா என்று பாருங்கள். அடுப்புக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் ஏ.கே.டி. தாளில் தங்கவே இல்லை, அல்லது டிரம்மிலேயே கெட்டுவிட்டது. வெயிலில் வைத்த டிரம்மை முதலில் சந்தேகியுங்கள்.

அதே வேலைக்கு ரோசினும் ஆலமும் பயன்படுத்தும் ஆலைக்கு வேறு சிக்கல். அவற்றின் வழக்கமான இணை 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச்.சில்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் இன்றைய பழைய அட்டையில் சுண்ணாம்பு தாராளமாக வருகிறது. பி.எச்.சை இறக்க ஆலத்தை ஊற்ற ஊற்ற, சுண்ணாம்பு அதைக் குடித்துவிட்டு நுரையாகத் திருப்பித் தருகிறது. என் கருத்தில், சுண்ணாம்பு மிகுந்த மூலப்பொருளோடு அமிலப் பாதையில் போராடுவது தோற்கும் போர். நடுநிலைப் பாதைக்கு மாறுவது பற்றி யோசியுங்கள்.

குறி: ஈரக் கோடு, ஏறும் நீராவிச் செலவு

ஈரக் கோடு எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் ஃபெல்ட்டில் அந்த இடம் அடைத்திருக்கிறது, அல்லது ஷவரின் ஒரு முனை அடைத்திருக்கிறது. டிரையரில் பத்தில் ஒன்று மட்டும் ஆறிக்கிடந்தால் அதன் சைஃபன் நீரை இழுக்கவில்லை, உள்ளே நீர் தேங்கியிருக்கிறது. மேற்பரப்பு வெப்பத்தை வரிசையாக அளந்தால் பிடிபட்டுவிடும். நீராவியைத் திறப்பதற்கு முன் பிரஸ்ஸைப் பாருங்கள். பிரஸ்ஸைவிட்டு வரும் தாளின் உலர்வு 45-இலிருந்து 46 சதவீதமானால் டிரையரில் ஆவியாக்க வேண்டிய நீர் ஏறக்குறைய 4 சதவீதம் குறைகிறது.

குறி: தாள் சுருளுகிறது

கடைசியாகக் காய்ந்த பக்கத்தை நோக்கித்தான் பொதுவாகத் தாள் சுருளும். மேல், கீழ் டிரையர் வரிசைகளின் நீராவி அழுத்தத்தை அதற்கேற்ப மாற்றுங்கள். மூலைவிட்டமாகச் சுருண்டால் டிரையரை விட்டுவிட்டு ஹெட்பாக்ஸுக்குப் போங்கள். அங்கே கூழ் நேராக வராமல் பக்கவாட்டில் சாய்ந்து வருகிறது.

குறி: வாங்கிய எடைக்கு ஏற்ற தாள் வரவில்லை

ஸ்கிரீன், கிளீனர் இவற்றின் கடைசிக் கட்டக் கழிவை ஒரு கைப்பிடி அள்ளி, வாளி நீரில் போட்டுக் கலக்கி, சல்லடையில் ஊற்றுங்கள். சல்லடையில் மிஞ்சுவதைச் சுண்டுவிரலால் பரப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்கு, பஞ்சுபோன்ற தெர்மோகோல், மணல், ஸ்டேப்பிள் கம்பி இவையே பெரும்பகுதி என்றால் அமைப்பு சரியாக ஓடுகிறது. காந்தத்தைக் காட்டிக் கம்பி எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். கம்பி திடீரென்று குறைந்தால் அது உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நீளமான, மென்மையான பழுப்பு நார் கொத்தாகக் கையில் வந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நல்ல நார் குப்பைக்குப் போகிறது. கழிவு வால்வை யாரோ அடைப்புக்குப் பயந்து அதிகமாகத் திறந்திருக்கிறார்கள், அல்லது கடைசிக் கட்டத்துக்கு நீர்த்தல் போதவில்லை. வால்வைக் கொஞ்சமாகக் குறைத்து, அரை மணி கழித்து அதே வாளியோடு மறுபடியும் போய்ப் பாருங்கள்.